கைக்குள் வந்த உலகம் – அத்தியாயம் 9: திறந்து மூடிய கதவுகள்

ஐபோன் 2007ஆம் வருஷத்தில் உலகுக்கு அறிமுகமானதையும், அதைச் செய்து விற்ற ஆப்பிள் ஸ்தாபனம், தன் கருவிக்குள் எது இயங்கலாம், எது இயங்கலாகாது என்பதை விலை கொடுத்து வாங்கியவனைக் கேளாமலே நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டதையும் சென்ற அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். அந்த அதிகாரத்தை வாங்குவோர் கையில் கொஞ்சமேனும் விட்டுக்கொடுத்த ஸ்தாபனங்கள் எவை, அதனால் அவை அடைந்த கீர்த்தி எத்தகையது, கொடுத்ததைத் திரும்பப் பறித்தபோது அவற்றுக்கு நேர்ந்தது என்ன என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். தேயிலையும் கோசும் தக்காளியும் விளையும் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள திரிங்காப்பில் உட்கார்ந்துகொண்டு, தைவானிலும் கலிபோர்னியாவிலும் ஷென்ஜெனிலும் நடந்தவற்றை எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அந்த ஊர்களில் எடுத்த தீர்மானங்கள், இங்கே ஒரு வீட்டுக் கைப்பேசியில் தமிழ் எழுத்துத் தெரிகிறதா இல்லையா என்பது வரைக்கும் வந்து முட்டின என்பதே என் பதில்.

இந்தச் சரித்திரம் ஒரு கவனப்பிசகில் ஆரம்பமாகிறது. தைவான் நாட்டு எச்டிசி ஸ்தாபனம் செய்து, 2008 அக்டோபர் 22ஆம் தேதி அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ‘டிரீம்’ என்னும் கைப்பேசிதான் ஆண்ட்ராய்டு மென்பொருளைத் தாங்கி வந்த முதல் கருவி. திரையை ஒரு பக்கமாகத் தள்ளினால் அடியில் விசைப்பலகை தோன்றும் அமைப்பு அது. வெளிவந்த சில வாரங்களில், அந்த விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வொரு சொல்லும் திரையில் எழுத்தாக விழுவதோடு நில்லாமல், கருவியின் அடித்தளத்தில் சர்வாதிகாரமும் படைத்த ‘ரூட்’ என்னும் ஸ்தானத்துக்கும் கட்டளையாகப் போய்ச் சேர்கிறது என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். யாருக்கோ செய்தி எழுதும் பாவனையில் ‘ரீபூட்’ என்று தட்டிவிட்டு வரியை முடித்தால், கருவி உடனே அணைந்து மறுபடியும் எழுந்தது. ‘டெல்நெட்டி’ என்று தட்டினால், வெளியிலிருந்து உள்ளே நுழைவதற்கு ஒரு வாசலே திறந்தது. ஆண்ட்ராய்டைச் செய்த கூகுள் ஸ்தாபனம் சில நாட்களிலேயே இப்பிசகைத் திருத்திவிட்டது. ஆனால் அதற்குள் அந்த வாசலின் ருசியை அறிந்துவிட்ட அபிமானிகள், பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றியாவது அதை மீட்டுக்கொள்ளும் உபாயத்தைக் கற்றுவிட்டார்கள். அவ்வருஷ டிசம்பரிலேயே, பூட்டு இல்லாத ஒரு டிரீமை, பதிவு செய்துகொண்ட நிபுணர்களுக்கு 399 டாலர் விலையில் கூகுளே விற்கத் தொடங்கிற்று.

இவ்வாறு திறந்த கருவியின்மேல் வேலை செய்த அநேகரில் ஸ்டீவ் கோண்டிக் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2009இல் வெளியிடத் தொடங்கிய ‘சயனோஜென்மாட்’ என்னும் திருத்தப் பதிப்புதான் எல்லாவற்றிலும் பெரும்பெயர் பெற்றது. இவ்வாறு திருத்தி அமைத்த முழு மென்பொருளை எங்கள் பக்கத்துப் பையன்கள் ‘ரோம்’ என்பார்கள். அதைக் கருவியில் ஏற்றுவதை ‘ஃபிளாஷ் பண்ணுவது’ என்பார்கள். ஏற்றும்போது பிழை நேர்ந்து கருவி உயிரற்றுப் போனால் ‘பிரிக் ஆகிவிட்டது’ என்பார்கள். அதே 2009 செப்டம்பரில், ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் முதலிய தன் சொந்தச் செயலிகளை அந்தப் பதிப்போடு சேர்த்து விநியோகிக்கலாகாதென்று கூகுள் கோண்டிக்குக்குச் சட்டக் கடிதம் அனுப்பியபோது அபிமானிகளிடையே எழுந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. முடிவில், அச்செயலிகளைப் பதிப்பிலிருந்து நீக்கிவிட்டு, ஒவ்வொருவரும் தம் கருவியோடு வந்தவற்றைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு திரும்பச் சேர்த்துக்கொள்வதென்று ஒரு சமரசம் ஏற்பட்டது. நான்கே மாதம் கழித்து, 2010 ஜனவரி 5ஆம் தேதி வெளியிட்ட ‘நெக்ஸஸ் ஒன்’ கைப்பேசியில், ஒரே கட்டளையால் பூட்டைத் திறந்துகொள்ளும் வசதியைக் கூகுளே வைத்துக் கொடுத்தது. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று திரையில் எச்சரித்துவிட்டுத் தீர்மானத்தை வாங்கியவனிடமே விட்டது. அந்த எச்சரிக்கையை நான் மிக மரியாதையான ஒன்றாகவே கருதுகிறேன். நஷ்டம் இன்னதென்று சொல்லி, அதை ஏற்பதா வேண்டாமா என்பதை முதிர்ந்த மனிதனிடம் ஒப்படைப்பது வியாபார உலகத்தில் அரிதாகவே காணும் நாகரிகம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பூட்டுத் திறக்கும் வித்தையை மேல்நாட்டில் பலர் வேகத்துக்காகவும் அழகுக்காகவும் கற்றார்கள். நம்மவர்களில் அநேகர் அதைக் கற்றது எழுத்துக்காக. 2011 அக்டோபரில் அறிமுகமான ஆண்ட்ராய்டு 4.0 தலைமுறைக்கு முன்னர் வந்த பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ச் செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தால், எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களே வரிசையாக நிற்கும். நூறாண்டுக்கு மேலாக அச்சிலே தமிழ்ப் பத்திரிகை வாசித்து வந்த ஒரு சமூகத்துக்கு, ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய நூதனக் கருவி கட்டங்களைக் காட்டிற்று என்றால் அதன் வேதனையைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு முதலில் கிடைத்த மாற்று, ‘ஓப்பெரா மினி’ என்ற உலாவியில் இருந்தது. அதன் முகவரிக் கட்டத்தில் ‘ஓப்பெரா:கான்ஃபிக்’ என்று தட்டி, வருகிற நீண்ட பட்டியலின் அடிவரைக்கும் இறங்கி, சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லும் ஒரு வரியில் ‘இல்லை’ என்பதை ‘ஆம்’ என்று மாற்றிச் சேமித்துவிட்டால், எங்கேயோ உள்ள ஓப்பெராவின் கணினியே தமிழ் எழுத்துகளைச் சிறு சிறு படங்களாக வரைந்து கைப்பேசிக்கு அனுப்பிவிடும். படமாக வருவதால் செலவு சற்று அதிகம். பக்கமும் மெல்லத்தான் திறக்கும். ஆயினும் தமிழ் தெரிந்தது. அந்த ஒரு வரி மாற்றத்தை யார் கண்டுபிடித்தார் என்று தெரியாமலே ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லி, சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும், சிங்கப்பூரிலிருந்து கேமரன் மலை வரைக்கும் அது பரவிற்று. தன் செயலியின் உள்ளமைப்புப் பட்டியலைப் பயனாளர் கைக்கெட்டும்படி விட்டிருந்த ஒரே காரணத்தால், தமிழரைத் தேடிப் போய் ஒரு விளம்பரமும் செய்யாத நார்வே நாட்டு ஸ்தாபனம் ஒன்று, தமிழரிடையே அக்காலத்தில் பெற்றிருந்த நன்மதிப்புக்கு அளவில்லை.

படிப்பதற்கு இவ்விதம் வழி பிறந்தாலும், கைப்பேசி முழுவதும், குறுஞ்செய்தியிலும் முகவரிப் பட்டியலிலும்கூடத் தமிழ் தெரியவேண்டுமானால் ரூட் ஸ்தானத்துக்குப் போயே ஆகவேண்டும். ஏனெனில் எழுத்துருக் கோப்புகள் கிடந்த அறை பூட்டிய அறை. அதைத் திறந்து, தமிழ் வடிவங்கள் அடங்கிய வேறொரு கோப்பை அங்கே வைத்தாலும் பாதித் துன்பமே தீர்ந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் கணினிச் சேமிப்பு முறையில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன. திரையில் வரைகிறபோது அவற்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்தவேண்டியது வரைவுப் பொறியின் வேலை. அந்தப் பொறி தமிழ் அறியாததாகையால், எங்கள் மலையின் ஜீவனமாகிய ‘தேயிலை’ என்ற சொல்லிலேயே தகரத்தின் கொம்பும் லகரத்தின் குறியும் இடம் மாறி, தத்தம் எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றன. அதையும் சீர்செய்த திருத்தப் பதிப்புகளைத் தேடி எடுத்து, இன்ன கைப்பேசிக்கு இன்னது பொருந்தும் என்று பரீட்சித்து, ஒருவர்க்கொருவர் கொடுத்துதவியவர்கள், பெயரும் ஊதியமும் எதிர்பாராத இளைஞர்கள்.

அதே வேளையில், எழுதுவதற்கான முயற்சியில் நம் நாட்டவர் ஒருவரின் உழைப்பு முன்நின்றது. 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழில் எழுதுவதற்கென்று அமைத்த ‘செல்லினம்’, 2005ஆம் வருஷத்துப் பொங்கலன்று சிங்கப்பூரில், ஒலி 96.8 வானொலியின் ஒத்துழைப்போடு அறிமுகமாயிற்று. பின்னர் அது ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தபோது, இரண்டு ஸ்தாபனங்களின் மனோபாவமும் ஒரே செயலியில் பக்கத்தில் பக்கத்தில் வெளிப்பட்டன. ஆண்ட்ராய்டோ 2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்பிலிருந்தே, வெளியார் செய்த விசைப்பலகையைக் கருவி முழுவதற்கும் பொது விசைப்பலகையாக அமைத்துக்கொள்ள அநுமதித்தது. ஐபோனிலோ, 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8 வரும்வரையில் அந்த அநுமதி இல்லை. செல்லினத்தின் சொந்தப் பக்கத்திலே எழுதி, பிரதி எடுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் ஒட்டவேண்டியிருந்தது. ஆப்பிளைக் குறைகூறுகிறவர்கள் மறக்கலாகாத ஒன்றும் உண்டு: அந்த ஸ்தாபனம் தானாகவே 2013இல் ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ் விசைப்பலகைகளைச் சேர்த்தது, சேர்த்தபோது ஒழுங்காகவும் சேர்த்தது. மூடிய வீட்டிலும் எஜமானன் மனம் வைத்தால் விருந்து நடக்கும். ஆனால் அவன் மனம் வைக்கும் நாள்வரை காத்திருக்கவேண்டும் என்பதே சங்கடம்.

இப்போது பூட்டு விஷயத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் செய்து அபிமானிகளின் பிரியத்தைச் சம்பாதித்திருந்த எச்டிசி, 2011இல் ‘சென்சேஷன்’ முதலான புதிய கருவிகளைக் கடுமையாகப் பூட்டி அனுப்பப்போவதாகத் தெரிந்ததும், அதுவரை அதன் புகழ்பாடிகளாக இருந்தவர்களே அதற்கு எதிராகத் திரண்டார்கள். மோட்டோரோலா அதற்கு முன்பே இந்தக் கசப்பைச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. அதன் ‘மைல்ஸ்டோன்’ கைப்பேசி பூட்டியே வந்தது. 2011 ஜனவரியில் ஸ்தாபனத்தின் பெயரால், திருத்தப் பதிப்பு வேண்டுமென்போர் வேறெங்காவது வாங்கிக்கொள்ளலாம் என்ற பொருள்படும் ஒரு பதில் பகிரங்கமாக வெளியாகி, பிறகு அதற்குச் சமாதானம் சொல்லவும் நேர்ந்தது. எச்டிசியின் தலைவர் பீட்டர் சௌ அந்தப் பாடத்தைக் கவனித்திருக்கவேண்டும். அவ்வருஷ மே மாத முடிவில், இனிமேல் தங்கள் கைப்பேசிகளில், கருவியை எழுப்பும் முதல் நிரலாகிய பூட்லோடரைப் பூட்டுவதில்லை என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். ஆகஸ்டில் திறப்பதற்கான முறையையும் ஸ்தாபனமே வகுத்துக் கொடுத்தது. அதே வருஷம் ஏப்ரலில் சோனி எரிக்சனும் இதைப்போலவே ஒரு திறப்பு ஏற்பாட்டைச் செய்திருந்தது; ஆனால் பிற்காலத்து எக்ஸ்பீரியா கைப்பேசிகளில் பூட்டைத் திறந்ததும் உள்ளே இருந்த சில ரகசியச் சாவிகள் அழிந்து, கேமராவின் தரமே குறைந்துபோயிற்று. கதவைத் திறந்துவிட்டு விளக்கை அணைத்த அந்தக் காரியம் அந்த ஸ்தாபனத்துக்கு முழுப் புகழைக் கொண்டுவரவில்லை.

எச்டிசி வகுத்த முறையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். கைப்பேசியை அணைத்துவிட்டு, ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் மின்பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஒரு வெள்ளைத் திரை தோன்றும். அதன் அடியில் பச்சை ஆண்ட்ராய்டு பொம்மைகள் மூன்று சறுக்குப் பலகைகளின்மேல் நிற்கும். உச்சியில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே, ‘லாக்ட்’ என்ற சொல் இளஞ்சிவப்பில் இருக்கும். கணினியோடு கம்பியால் இணைத்து ஒரு கட்டளையைக் கொடுத்ததும், பொருள் விளங்காத எழுத்தும் இலக்கமுமாகப் பல வரிகள் வந்து விழும். அவற்றில் ஓர் எழுத்தும் தவறாமல் பிரதி எடுத்து எச்டிசிக்கு அனுப்பினால், சற்று நேரத்தில் மின்னஞ்சலில் ஒரு சிறிய கோப்பு வந்து சேரும். அதைக் கருவிக்குள் செலுத்தியவுடன், உள்ளே உள்ளதெல்லாம் அழிந்துவிடும், உத்தரவாதமும் பாதிக்கப்படலாம், சம்மதமா என்று திரை கேட்கும். ஒலிப் பொத்தானால் ‘ஆம்’ என்ற வரிக்குப் போய் மின்பொத்தானை அழுத்தினால், மறுமுறை அந்த வெள்ளைத் திரையைத் திறக்கும்போது உச்சியில் ‘அன்லாக்ட்’ என்று மாறியிருக்கும். மனம் மாறித் திரும்பப் பூட்டினாலும் பழைய சொல் வருவதில்லை. ‘ரீலாக்ட்’ என்றே வரும். ஒருமுறை திறந்த கருவி, திறந்த கருவிதான்.

இதை எங்கள் மலையில் செய்வதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். அந்நாளில் திரிங்காப்பின் கடைவரிசையை விட்டுக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவே கொஞ்சம் உள்ளே போனாலே சமிக்ஞை நலிந்துவிடும். நூறு மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு ரோமை இறக்குவதற்குப் பிரிஞ்சாங்குக்கோ தானா ராத்தாவுக்கோ போய், ஒரு கோப்பைத் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு, வைஃபை உள்ள கடையில் மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. மாலைநேரத்து மழையில் மின்சாரம் போனால், கணினியோடு இணைந்து பாதி ஏறிய நிலையில் கருவி நின்றுவிடும் என்று, வானத்தைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவார்கள். இவ்வளவு பிரயத்தனத்துக்குப் பின், மறுநாள் காலையில் தாயின் கைப்பேசியில் தமிழ் எழுத்துத் தெளிவாக, கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கக் கண்டவனுக்கு, அந்தக் கைப்பேசியைச் செய்தவன்மேல் உண்டாகும் அபிமானத்தை எந்த விளம்பரமும் உண்டாக்கிவிட முடியாது.

அந்த அபிமானம் வியாபாரமாக மாறுகிற இடம் எது என்பதைத் தோட்டத்தில் வாழ்கிறவர்கள் நன்கறிவார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தெருவிலும், கைப்பேசி விஷயம் தெரிந்த பையன் ஒருவன் இருப்பான். தீபாவளிக்கு முன் அவனைத் தேடிக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருத்தி வருவாள். “தம்பி, மவன் போன் வாங்கித் தர்றேங்கிறான். ஐந்நூறு வெள்ளிக்குள்ள எது நல்லாருக்கும்?” என்பாள். அவன் ஒரு பெயரைச் சொல்லி, “அதையே வாங்குங்க அத்தை. கெட்டுப்போனா நான் பாத்துக்கிறேன்” என்பான். அவன் கொடுத்த அந்த வாக்குறுதியை எந்த ஸ்தாபனத்தின் உத்தரவாதச் சீட்டும் கொடுத்ததில்லை. உத்தரவாதச் சீட்டு பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகிறது. சேவை நிலையமோ ஈப்போவில் இருக்கிறது. அவனோ அடுத்த வீட்டில் இருக்கிறான். ஆனால் அவனால் அப்படிச் சொல்லமுடிவது, கருவி திறக்கக்கூடியதாக இருக்கும்வரைதான். உற்பத்தியாளன் புதிய மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்ட பின்னும், அவன் வேறொரு பதிப்பை ஏற்றி இன்னும் இரண்டு மூன்று வருஷம் அதை ஓட்டிக் காட்டுவான். பூட்டைத் திறந்துவிட்ட ஸ்தாபனம், மாதச் சம்பளம் இல்லாமல் ஊருக்கொரு பழுதுபார்ப்பவனையும், பழியைத் தன் தலையில் ஏற்கும் ஜாமீன்தாரனையும் இவ்விதம் சம்பாதித்துக்கொள்கிறது. அபிமானிகள் எண்ணிக்கையில் சொற்பம், அவர்கள் வாங்கும் கருவிகளால் லாபமில்லை என்று கணக்குப் பார்க்கிற நிர்வாகிகள், அவர்கள் சொல்கேட்டு வாங்குகிறவர்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இருந்தும் ஓர் உண்மையை மறைக்கலாகாது: அபிமானம் எச்டிசியைக் காப்பாற்றவில்லை. சாம்சங்கின் விளம்பர பலத்துக்கும் சீனத்துக் கைப்பேசிகளின் விலைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் அந்த ஸ்தாபனம் படிப்படியாகத் தேய்ந்து, 2017 செப்டம்பரில் தன் கைப்பேசிப் பொறியாளர் குழுவில் ஒரு பகுதியை 110 கோடி டாலருக்குக் கூகுளிடம் ஒப்படைக்க இசைந்தது. நற்பெயர் ஒரு மூலதனமே. ஆனால் அது ஒன்றே மூலதனமாகாது.

அந்த மூலதனத்தை ஆதியிலிருந்தே உணர்ந்து, அதன்மேலேயே வீடு கட்டியவர்கள் ஷாவ்மி ஸ்தாபனத்தார். 2010 ஏப்ரலில் பெய்ஜிங்கில் லெய் ஜுன் முதலானோர் தொடங்கிய அந்த ஸ்தாபனம், முதல் கைப்பேசியைச் செய்வதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, 2010 ஆகஸ்டில், பிறர் கைப்பேசிகளில் ஏற்றிக்கொள்ளத்தக்க ‘மியுஐ’ என்ற ரோமை வெளியிட்டது. அதாவது, அபிமானிகளின் கூட்டத்திலிருந்தே அது பிறந்தது. முதல் பதிப்பைப் பரீட்சித்துப் பார்த்த நூறு பேருடைய பெயர்களை, கருவி விழிக்கும்போது தோன்றும் திரையில் எழுதி அவர்களைக் கௌரவித்தது. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வரும். குறை சொன்னவன் குறை அடுத்த வெள்ளிக்குள் தீர்ந்திருக்கும். 2014 மே மாதத்தில் ஷாவ்மி முறைப்படி மலேசியாவுக்கு வந்தபோது அதன் பெயர் இங்கே ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தது. கோலாலம்பூர் லோயாட் பிளாசா போன்ற இடங்களில், சீனத்திலிருந்து தனியார் தருவித்த ‘ஏபி செட்’டுகளை வாங்கி வந்தவர்கள் அதைப் பரப்பியிருந்தார்கள். உள்ளூர் உத்தரவாதம் இல்லாத, விலை மலிந்த அந்த செட்டுகளில் சீனப் பதிப்பு மென்பொருளே இருக்கும். கூகுள் செயலிகள் இரா. அவற்றுக்கு உலகப் பதிப்பை ஏற்றிக் கொடுப்பது தெருமுனைப் பையனுக்கு ஒரு சிறு தொழிலாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் நியாயம் இரு பக்கமும் நிற்கிறது. பூட்டு இல்லாத கருவியைப் பையன் திருத்தியதுபோலவே, நடுவில் நின்று விற்கும் வியாபாரியும் திருத்தினான்; உலகப் பதிப்பு என்று சொல்லி, வேண்டாத விளம்பரச் செயலிகளையும், சில சமயம் தீங்கு செய்யும் நிரல்களையும் உள்ளே வைத்து, பெட்டியைத் திரும்ப மூடி விற்றான். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கைப்பேசி உறை வாங்கப் போன இடத்தில் கருவியையும் மலிவாக வாங்கி வந்த ஒரு தொழிலாளிக்கு, திரை தானாகவே விளம்பரங்களைத் திறப்பதன் காரணம் எப்படி விளங்கும்? அவன் ஸ்தாபனத்தைத்தான் சபிப்பான். 2016 முதல் ஷாவ்மி தன் கருவிகளைப் பூட்டி அனுப்பத் தொடங்கி, திறக்க விரும்புவோர் விண்ணப்பித்து அநுமதி பெறவேண்டும் என்று விதித்தபோது, சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அது பொய்க்காரணம் அன்று. முதலில் அநுமதிக்காகக் காத்திருத்தல், பின்னர் நாட்கணக்கில் காத்திருத்தல், 2023இல் மியுஐக்குப் பதிலாக ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு இன்னும் கடினமான நிபந்தனைகள் என்று வாசல் வரவரக் குறுகிற்று. பூட்டு வேண்டாமென்பவனல்லன் நான். சாவி வாங்கியவனிடம் இருக்கவேண்டும் என்பவன். பூட்டுக்குக் காரணம் சொல்லி, சாவியையும் கொடுத்தவரை ஷாவ்மியின்மேல் அபிமானிகளுக்குக் கோபம் வந்ததே தவிர வெறுப்பு வரவில்லை. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் கருவின் மூலநிரலை வெளியிட வேண்டியது அதன் உரிம விதி. அதை அந்த ஸ்தாபனம் தாமதித்த காலங்களில் வெறுப்பும் எட்டிப்பார்த்தது. 2018 ஆகஸ்டில் இந்தியாவில் வெளியிட்ட ‘போக்கோ எஃப்1’ கைப்பேசிக்கு மூலநிரலைத் தாமதமின்றிக் கொடுத்தபோது அந்த ஒரு கருவிக்குத் திரண்ட ஆதரவு, பல வருஷம் நிலைத்து நின்றது.

இதே காலத்தில் இந்தியாவில் நடந்த ஒரு வழக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடவேண்டும். சயனோஜென்மாட் 2013இல் கம்பெனியாகி, 2014 ஏப்ரலில் அறிமுகமான ‘ஒன்பிளஸ் ஒன்’ கைப்பேசியில் அதிகாரபூர்வ மென்பொருளாகவே அமர்ந்தது. அபிமானிகளுக்கு அது திருவிழா. ஆனால் அதே மென்பொருளுக்கு இந்தியாவில் பிரத்தியேக உரிமையை மைக்ரோமேக்ஸ் என்னும் இந்தியக் கைப்பேசி ஸ்தாபனத்துக்கும் அக்கம்பெனி கொடுத்துவிட, டெல்லி உயர்நீதிமன்றம் 2014 டிசம்பர் 16ஆம் தேதி ஒன்பிளஸ் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை பின்னர் தளர்ந்தது. நம்பிக்கை தளர்ந்தது தளர்ந்ததுதான். ஒன்பிளஸ் தனக்கென்று ஆக்ஸிஜன்ஓஎஸ் என்ற மென்பொருளைச் செய்துகொண்டது. சயனோஜென் கம்பெனி 2016 டிசம்பர் 31ஆம் தேதியோடு தன் சேவைகளை நிறுத்திற்று. கூலி வாங்காமல் உழைத்த பழைய கூட்டம் ‘லினேஜ்ஓஎஸ்’ என்ற புதுப்பெயரில் வேலையைத் தொடர்ந்தது. கம்பெனி இறந்தது, கூட்டம் இறக்கவில்லை.

கடைசியாக, ஷென்ஜென் நகரத்து ஹுவாவே. நம் சரித்திரத்தில் மிகவும் துயரமான பகுதி இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டவர்க்கெல்லாம் திறப்புக் குறியீட்டைக் கொடுத்து வந்த அந்த ஸ்தாபனம், 2018 மே மாதம், புதிதாக வரும் கைப்பேசிகளுக்கு இனிக் குறியீடு தருவதில்லை என்றும், பழையவற்றுக்கும் அறுபது நாளில் நிறுத்திவிடப்போவதாகவும் அறிவித்தது. ரோம் ஏற்றுவதால் விளையும் தொந்தரவுகளிலிருந்து வாடிக்கையாளரைக் காப்பதே காரணம் என்றது. ஜூலைக்குள் குறியீடு வாங்கிவிட வேண்டுமென்று, திறக்கும் எண்ணமே இல்லாதவர்களும் அவசரமாக விண்ணப்பித்தார்கள். ஐபோனை யாரும் இதற்காக வெறுத்ததில்லை; அது ஆரம்பத்திலேயே மூடியிருந்த வீடு, தெரிந்தே வாங்கினார்கள். ஹுவாவேயை வாங்கியவர்களோ வாசல் இருக்கிறதென்று நம்பி வாங்கினவர்கள். தம்மை நம்பிக் கேட்டவர்களுக்கும் அதைச் சொல்லி வாங்கச் செய்தவர்கள். இனி எந்த முகத்தோடு அவர்கள் அத்தையிடம் ‘நான் பாத்துக்கிறேன்’ என்பார்கள்? அவ்வாறு சொல்லும் வாயை அடைத்துவிட்டது என்பதே, என் மதிப்பில், அந்த அறிவிப்பு செய்த பெரிய தீங்கு.

கணக்கில் அந்தத் தீங்கு உடனே தெரியவில்லை. 2018ஆம் வருஷத்தில் ஹுவாவே 20 கோடிக்கு மேற்பட்ட கைப்பேசிகளை உலகுக்கு அனுப்பிற்று. அபிமானிகள் கோபித்தால் என்ன ஆகிவிட்டது என்று அங்கே யாரேனும் கேட்டிருந்தால், அந்த இலக்கம் அவர் பக்கமே பேசியிருக்கும். ஆனால் 2019 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் ஹுவாவேயை வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதன் புதிய கைப்பேசிகளில் கூகுளின் செயலிகளை வைக்கும் உரிமை போயிற்று. 2019 செப்டம்பர் 19ஆம் தேதி ஜெர்மனியின் மியூனிக் நகரில் ‘மேட் 30’ கைப்பேசியை வெளியிட்டபோது, நுட்பத்தில் சிறந்த அந்தக் கருவியில் பிளே ஸ்டோர் இல்லை, யூடியூப் இல்லை, மேப்ஸ் இல்லை. இல்லாத ஒன்றைக் கருவிக்குள் கொண்டுவந்து வைக்கும் வித்தை உலகத்தில் யாருக்குத் தெரியுமோ, சீனத்து ஏபி செட்டுகளுக்குக் கூகுளை ஏற்றிக்கொடுத்துப் பழகிய கைகள் எவையோ, அவை பதினான்கு மாதங்களுக்கு முன் வெளியே நிறுத்திக் கதவடைக்கப்பட்ட கைகள்.

அந்த வெளியீட்டை ஒட்டியே, ஸ்தாபனத்தின் நுகர்வோர் பிரிவுத் தலைவர் ரிச்சர்ட் யூ, பாதுகாப்பைக் கருதியே பூட்லோடரைக் கட்டுப்படுத்தியிருந்தோம், இம்முறை பயனாளருக்கு அதிகச் சுதந்திரம் தருவோம், திறந்துவிட யோசிக்கிறோம் என்னும் கருத்துப்படப் பேசினார். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவர்கள் உலகெங்கும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சில நாட்களில், அப்படித் திறக்கும் திட்டம் ஏதும் இல்லையென்று ஸ்தாபனமே மறுத்துவிட்டது.

(அடுத்த அத்தியாயத்தில்: சாம்சங்கின் நாக்ஸ் உருகியும், திரும்ப மாறாத ஓர் இலக்கமும்)